கப்பலின் பெயரைச் சுமந்த கவிஞர்

1773 செப்டம்பரில் லண்டனில் ஒரு கவிதைப் புத்தகம் வெளியானது. கவிதைகளுக்குப் போகுமுன் அதில் ஒரு பக்கத்தைக் கடக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் பாஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள் 18 பேர் பெயர் போட்டிருக்கிறார்கள். மாகாண ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், துணை ஆளுநர் ஆண்ட்ரூ ஆலிவர், பெரும் வணிகர் ஜான் ஹான்காக், அப்புறம் ஊரின் பெயர்பெற்ற பாதிரிமார். பின்வரும் கவிதைகளை ஃபிலிஸ் என்ற இளம் நீக்ரோப் பெண்தான் எழுதினாள் என்று தாங்கள் மெய்யாகவே நம்புவதாகவும், சில ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தபோது அவள் பண்படாத காட்டுமிராண்டியாக இருந்தாள் என்றும், அன்றுமுதல் இந்த ஊரில் ஒரு குடும்பத்தில் அடிமையாக வேலை செய்யும் 'வசதிக்குறைவு' அவளுக்கு இருந்துவருகிறது என்றும் அவர்கள் சான்று தருகிறார்கள்.

வசதிக்குறைவு! அந்தச் சொல்லைப் படித்துவிட்டுச் சிரிப்பதா பல்லைக் கடிப்பதா என்று தெரியவில்லை.

நம் பழைய நூல்களின் முன்பக்கங்களிலும் பிறர் பாடிய சிறப்புப் பாயிரங்களும் சாற்றுக்கவிகளும் இருக்கும். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் நூலின் பெருமையை மற்றவர் சொல்வது மரபு. பாஸ்டன்காரர்களின் பக்கம் அந்த வகை இல்லை. அதில் கவிதை நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அவள்தான் எழுதினாள் என்று மட்டும் சொல்கிறார்கள். ஃபிலிஸ் வீட்லியின் வாழ்க்கையையும் அவர் இறந்த பிறகு அவருக்கு நேர்ந்ததையும் பார்த்தால், அந்தப் பக்கத்தின் நிழல் எல்லா இடத்திலும் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறது. கவிதையை உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு.

1761 ஜூலையில் 'ஃபிலிஸ்' என்ற கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்கு வந்தது. ஏற்றிவந்த சரக்கு மனிதர்கள். அவர்களில் ஒரு சிறுமி. முன்பற்கள் விழுந்திருந்ததை வைத்து ஏழு, எட்டு வயது இருக்கும் என்று கணித்தார்கள். மெலிந்துபோய், இடுப்பில் ஓர் அழுக்குக் கம்பளத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாளாம். தையல் தொழிலிலும் வணிகத்திலும் வசதி சேர்த்திருந்த ஜான் வீட்லி, தன் மனைவி சுசன்னாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவளை வாங்கினார். கப்பலின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். வாங்கியவரின் குடும்பப் பெயர் பின்னொட்டாகச் சேர்ந்தது. ஆக, உலகம் அறிந்த அந்தப் பெயரில் முதல் பாதி அவரைக் கொண்டுவந்த கப்பலுடையது, மறுபாதி விலை கொடுத்தவருடையது. தாய் வைத்த பெயர் எங்கும் பதிவாகவில்லை.

தாயைப் பற்றி ஒரே ஒரு நினைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. காலையில் சூரியன் எழும்போது அதன் முன்னே அம்மா நீர் வார்ப்பாள் என்று அவர் சொன்னதாக, சுசன்னாவின் உறவுவழி வந்த மார்கரெட்டா ஓடெல் 1834-இல் எழுதினார். அதற்குள் ஃபிலிஸ் இறந்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. இசுலாமியரின் காலைத் தொழுகைக்கான கைகால் கழுவலாக இருக்கலாம் என்கிறார்கள் சிலர், வேறொரு சடங்கு என்கிறார்கள் வேறு சிலர். ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று கிழக்கு நோக்கி அருக்கியம் விடுபவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, விளக்கம் எதுவும் இல்லாமலே அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்துவிடுகிறது. அவர் கவிதைகளில் விடியலும் கதிரவனும் அடிக்கடி வரும். கிரேக்க, உரோமானியத் தெய்வங்களின் பெயரில்தான் வரும். ஆனாலும் அந்த நீர் வார்க்கும் கை நினைவுக்கு வராமல் அவற்றை என்னால் படிக்க முடிவதில்லை.

வீட்லி தம்பதிக்கு நத்தானியேல், மேரி என்று இரட்டைப் பிள்ளைகள். அப்போது 18 வயது. மேரிதான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். வந்து 16 மாதத்தில் பைபிளின் கடினமான பகுதிகளையும் சிறுமி படித்தாள் என்று ஜான் வீட்லி எழுதிவைத்திருக்கிறார். பிறகு ஆங்கிலக் கவிஞர்கள் மில்டன், அலெக்சாண்டர் போப், போப்பின் மொழிபெயர்ப்பில் ஹோமர், இலத்தீன் என்று படிப்பு விரிந்தது. பாஸ்டனில் நல்ல குடும்பத்துப் பெண்களுக்கே கிடைக்காத கல்வி இது. வீட்டு வேலை அதிகம் தரவில்லை, மற்ற அடிமைகளோடு அதிகம் பழகவும் விடவில்லை. செல்லம் என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுச் சொத்துக் கணக்கில் நாற்காலி, மேசை, வெள்ளிப் பாத்திரத்தோடு சேர்ந்த ஒரு செல்லம்.

1767 டிசம்பரில் நியூபோர்ட் மெர்க்குரி என்ற செய்தித்தாளில் முதல் கவிதை அச்சில் வந்தது. அப்போது 14 வயது இருக்கலாம். 1770-இல் ஜார்ஜ் வைட்ஃபீல்டு என்ற புகழ்பெற்ற போதகர் இறந்தபோது எழுதிய இரங்கற்பா அட்லாண்டிக்கின் இரு கரையிலும் விற்றது. அதன் பிறகு ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஃபிலிஸின் பாட்டு வந்துவிடும் என்ற நிலை. அவர் எழுதியவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கையறுநிலைப் பாடல்கள்தான். குழந்தையை இழந்த தாய், கணவனை இழந்த மனைவி என்று பாஸ்டனின் வெள்ளைக் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார், தன் தாயைப் பறிகொடுத்த பெண்.

1772-இன் தொடக்கத்தில் பாஸ்டனிலேயே புத்தகம் போடத் திட்டமிட்டார்கள். 28 கவிதைகள், 300 பேர் முன்பணக் கையொப்பம் தந்தால் அச்சுக்குப் போகும். உ.வே.சாமிநாதையர் சிந்தாமணிப் பதிப்புக்கு ஆள் ஆளாகப் போய்க் கையொப்பம் சேர்த்தாரே, ஏறக்குறைய அதே முறை. பாஸ்டனில் 300 பேர் தேறவில்லை. எழுதியது அவள்தானா என்ற ஐயம் ஊரில் பலருக்கு இருந்தது. அப்போதுதான் அந்த 18 கையெழுத்துச் சான்று தயாரானது. ஒரு மண்டபத்தில் 18 பேரும் அரைவட்டமாக உட்கார்ந்து, நடுவில் அந்தப் பெண்ணை நிற்கவைத்து இலத்தீன் இலக்கணம் கேட்டார்கள் என்று ஒரு காட்சி பலகாலமாகச் சொல்லப்படுகிறது. நாடகத்துக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒரு கூட்டம் கூடியதற்கு ஆவணம் எதுவும் இல்லை. எனக்கென்னவோ அது தேவைப்பட்டிருக்கவும் மாட்டாது என்று தோன்றுகிறது. பல ஆண்டுகளாக ஒவ்வொரு வரவேற்பறையிலும் அவர் சோதிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு சோதனை ஆவணத்தில் இருக்கிறது. 1772 இலையுதிர்காலத்தில் தாமஸ் வூல்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் வீட்லி வீட்டுக்கு வந்தார். நான் சொல்லும் பொருளில் எழுத முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் ஃபிலிஸ். அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் பொறுப்பான அமைச்சராக டார்ட்மவுத் பிரபு நியமிக்கப்பட்ட செய்தி அப்போதுதான் வந்திருந்தது. அதைப் பற்றி எழுது என்றார். அவர் கண்ணெதிரிலேயே எழுதப்பட்டது அந்தக் கவிதை. நம்மூர் ஆசுகவிகளுக்குக் கொடுக்கும் ஈற்றடி மாதிரி.

அமைச்சருக்கு வாழ்த்து என்றால் புகழ்மாலை தொடுத்து முடித்துவிடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கவிதையின் நடுவில் திடீரென்று திரும்பி, பிரபுவே, விடுதலை மேல் எனக்கு இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வியக்கலாம் என்கிறார். சின்ன வயதிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து நான் பறிக்கப்பட்டேன், என்னைப் பெற்றவரின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும், பிள்ளையைத் தகப்பனிடமிருந்து பிடுங்கியவனின் மனம் இரும்பாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று போகிறது. சோதிக்க வந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கேட்டது வாழ்த்துப்பா, கிடைத்தது குற்றச்சாட்டு. அதையும் வாங்கிப் பத்திரமாக அமைச்சருக்கு அனுப்பிவைத்தார் அவர்.

இன்னொரு கவிதை எட்டே வரிதான். இன்றும் பாடநூல்களில் இருப்பதும், அதிகம் திட்டு வாங்கியதும் அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது பற்றியது. 'பிற சமய நாட்டிலிருந்து என்னைக் கொண்டுவந்தது கருணை' என்று தொடங்குகிறது. கப்பலையும் சங்கிலியையும் கருணை என்பதா என்று கொதிக்காமல் இருக்க முடியாது. 1960-களில் கறுப்பின எழுத்தாளர்கள் பலர் கொதித்தார்கள். எசமானர்களின் மொழியில் எசமானர்களுக்குப் பிடித்ததை ஒப்பித்தவர் என்று அவரை ஒதுக்கினார்கள். பாஸ்டனில் அவர் எழுதும் அளவுக்கு ஆளா என்று கேட்டார்கள், 200 ஆண்டு கழித்துப் போதிய அளவு கறுப்பினத்தவரா என்று கேட்டார்கள்.

சரி, கடைசி நான்கு வரிக்கு வருவோம். எங்கள் கறுத்த இனத்தைச் சிலர் ஏளனமாகப் பார்த்து, இவர்கள் நிறம் சாத்தானின் சாயம் என்கிறார்கள் என்று ஒரு வரி. 'கிறிஸ்தவர்களே நினைவிருக்கட்டும், காயீனைப் போல் கறுத்த நீக்ரோக்களும் தூய்மை அடைந்து தேவதூதர் வரிசையில் சேரலாம்' என்று முடிவு. காளமேகத்தின் மொழியில் வளர்ந்தவர்களுக்குச் சிலேடை பற்றி விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத்தில் சாயம் என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஒரே ஒலி. காயீன் என்ற பெயரும் கரும்பு என்ற சொல்லும் ஒரே ஒலி. தூய்மையாக்குவது என்று அவர் எடுத்த சொல், சர்க்கரையைச் சுத்திகரிக்கும் தொழிலுக்கும் உரியது. சாயத்துக்கான அவுரியும் கரும்பும்தான் கரோலினாவிலும் கரிபியத் தீவுகளிலும் அடிமைகளின் உயிரைக் குடித்த பயிர்கள். பக்திப் பாட்டு போல் தோன்றும் இரண்டு வரிக்குள் அந்த வணிகம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. அதோடு 'கிறிஸ்தவர்களே, நீக்ரோக்கள்' என்று இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்து நடுவில் காற்புள்ளி இட்டிருப்பதால், காயீனைப் போல் கறுத்தவர்கள் இருவருமே என்றும் படிக்கலாம். தம்பியைக் கொன்றவன் காயீன் என்பதை மறக்க வேண்டாம்.

இதையெல்லாம் அந்த 15 வயதுப் பெண் நினைத்தா எழுதினாள் என்று கேட்கலாம். சொல்லுக்கு இரு பொருள் கொள்வது போப்பைப் படித்தவர்களுக்குப் பால்பாடம். அதே திறமையை ஒரு வெள்ளைக்கார இளைஞனிடம் கண்டால் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

1773 மே மாதம் நத்தானியேலோடு லண்டனுக்குக் கப்பலேறினார். ஆதரவு தந்தவர் ஹண்டிங்டன் சீமாட்டி செலினா ஹேஸ்டிங்ஸ். புத்தகத்தில் ஆசிரியரின் படம் இருக்க வேண்டும் என்று கேட்டவரும் அவரே. மேசை முன் அமர்ந்து, கையில் இறகுப் பேனா, கன்னத்தில் விரல் ஊன்றி யோசிக்கும் படம். அதைச் சுற்றி, 'பாஸ்டன் ஜான் வீட்லியின் நீக்ரோ ஊழியக்காரி' என்று எழுத்து. லண்டனில் ஆறு வாரம் இருந்தார். டார்ட்மவுத் பிரபு, போப்பின் நூல்களை வாங்கிக்கொள் என்று ஐந்து கினி (அக்கால ஆங்கிலப் பொன் நாணயம்) தந்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வந்து பார்த்தார். கிரான்வில் ஷார்ப் அவரை லண்டன் கோபுரத்துக்கு அழைத்துப்போய்ச் சிங்கம், புலிகளைக் காட்டினார்.

இந்தக் கிரான்வில் ஷார்ப் யார் என்பது முக்கியம். அதற்கு முந்தைய ஆண்டு ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமையின் வழக்கைத் தூக்கி நிறுத்தியவர். இங்கிலாந்து மண்ணில் இருக்கும் அடிமையை அவன் விருப்பத்துக்கு மாறாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்று மான்ஸ்ஃபீல்டு பிரபு 1772 ஜூனில் தீர்ப்பளித்தார். பாஸ்டன் செய்தித்தாள்களிலும் அந்தச் செய்தி வந்தது. அதாவது லண்டனில் ஃபிலிஸ், போகமாட்டேன் என்று சொல்லியிருந்தால் யாராலும் அவரைக் கப்பலில் ஏற்ற முடியாது. கூண்டுச் சிங்கங்களின் முன் நின்று அந்த இருவரும் என்ன பேசினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

சுசன்னாவுக்கு உடல்நிலை மோசம் என்று செய்தி வரவே, புத்தகம் வெளியாகும் முன்பே ஜூலை இறுதியில் திரும்பிவிட்டார். விசுவாசம் என்று பழைய வரலாறுகள் உருகும். ஆனால் அக்டோபரில் டேவிட் வூஸ்டர் என்பவருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் வேறொரு பெண் தெரிகிறார். இங்கிலாந்து நண்பர்களின் விருப்பத்துக்கு இணங்கி எசமானர் எனக்கு விடுதலை கொடுத்தார் என்கிறார். எசமானரின் வாரிசுகள் நாளை என்மீதோ என் உடைமைமீதோ கைவைக்க முடியாதபடி பத்திரம் எழுதப்பட்டிருக்கிறது, அதன் படியை லண்டனுக்கு அனுப்பியிருக்கிறேன் என்கிறார். இனி நான் என் சொந்தக் காலில் நிற்கிறேன், புத்தகம் விற்று வரும் பணம்தான் எனக்கு முக்கிய ஆதாரம், உங்கள் ஊர் அச்சுக்காரர்கள் இதைத் திருட்டுத்தனமாக அச்சிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். 20 வயதில் பதிப்புரிமை, வாரிசுரிமை, ஆவணப் பாதுகாப்பு மூன்றையும் ஒரே கடிதத்தில் கட்டிவிட்டார். பாஸ்டன் திரும்புவதற்கு விலை பேசாமலா லண்டனில் கப்பலேறியிருப்பார்? நான் நம்பவில்லை.

அந்தப் புத்தகப் பொதிகள் நவம்பர் இறுதியில் வந்த கப்பலின் பெயரும் டார்ட்மவுத்தான். டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்களே, அந்த மூன்று கப்பல்களில் ஒன்று. நல்லவேளை, புத்தகங்கள் முன்பே இறங்கியிருந்தன.

விடுதலைக்குப் பிறகு குரல் இன்னும் வெளிப்படையானது. மொஹீகன் பழங்குடியைச் சேர்ந்த போதகர் சாம்சன் ஆக்கமுக்கு 1774 பிப்ரவரியில் அவர் எழுதிய கடிதம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுள் விடுதலை வேட்கையை ஊன்றியிருக்கிறார், ஒடுக்குமுறையை அது பொறுக்காது, நம் காலத்து எகிப்தியர்கள் அனுமதித்தால் சொல்கிறேன், அதே வேட்கை எங்களுக்குள்ளும் இருக்கிறது என்கிறார். எகிப்தியர் என்றால் இஸ்ரவேலரை அடிமை கொண்ட பார்வோனின் கூட்டம். இங்கே அது யார் என்று பாஸ்டன் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடுதலைக்காகக் கூச்சல் போட்டுக்கொண்டே பிறரை அடக்கும் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்பது எப்படிப் பொருந்தும், இதைக் கண்டுபிடிக்கத் தத்துவ ஞானியின் கூர்மை தேவையில்லை என்று முடிக்கிறார்.

அந்தக் கூச்சல் பிரிட்டனுக்கு எதிரான போராகவே மாறியபின், 1775 அக்டோபரில் அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனைப் பாராட்டி ஒரு கவிதை அனுப்பினார். 1776 பிப்ரவரி 28 தேதியிட்டு அவரிடமிருந்து பதில் வந்தது. கவித்திறனைப் புகழ்ந்து, பாசறைக்கு வந்தால் சந்திப்பேன் என்று எழுதி, அக்கால வழக்கப்படி 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று கையெழுத்திட்டிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த ஒருவர், முன்னாள் அடிமைக்கு ஊழியன் என்று எழுதுவது கடித மரபின் வேடிக்கை.

தாமஸ் ஜெபர்சன் அந்த மரியாதைக்கும் இறங்கவில்லை. வர்ஜீனியாவைப் பற்றி 1780-களில் வெளியிட்ட நூலில், மதம் ஒரு ஃபிலிஸை உருவாக்கியது, ஆனால் ஒரு கவிஞரை உருவாக்க முடியவில்லை என்றார். 'அவள் பெயரில் வெளியான' ஆக்கங்கள் விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்றும் சொன்னார். அவள் எழுதிய என்று சொல்லாமல் அவள் பெயரில் வெளியான என்கிறார். 18 கையெழுத்தும் அவருக்குப் போதவில்லை. அதில் ஒருவரான ஹான்காக், ஜெபர்சன் எழுதிய விடுதலைப் பிரகடனத்தில் முதல் ஆளாகக் கையெழுத்திட்டவர்.

சுசன்னா 1774-இலும் ஜான் வீட்லி 1778-இலும் இறந்தார்கள். அதே 1778-இல் ஜான் பீட்டர்ஸ் என்ற விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை ஃபிலிஸ் மணந்தார். ஓடெலின் நூல் பீட்டர்ஸைச் சோம்பேறி, தலைக்கனம் பிடித்தவர் என்று சாடுகிறது. நூறாண்டுக்கு மேல் எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். எசமானர் வீட்டில் சுகமாக இருந்த பெண், சொந்த இனத்துக் கணவனால் கெட்டாள் என்ற கதை சிலருக்கு வசதியாக இருந்தது. அண்மையில் கிடைத்த நீதிமன்ற ஆவணங்கள் வேறு மாதிரிப் பேசுகின்றன. பீட்டர்ஸ் நிலத்துக்காக வழக்காடியவர், தொழில் செய்ய முயன்றவர். தம்பதி சில ஆண்டுகள் பாஸ்டனை விட்டு மிடில்டன் என்ற ஊரில் இருந்திருக்கிறார்கள். நில வழக்கில் தோற்று, கடனில் விழுந்து, பாஸ்டன் திரும்பினார்கள். போரில் பணத்தின் மதிப்பே விழுந்துகொண்டிருந்த நேரத்தில், ஆதரிக்க ஆளில்லாத கறுப்பினத் தம்பதிக்கு எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும்? 1784 டிசம்பர் 5-ஆம் தேதி ஃபிலிஸ் பீட்டர்ஸ் இறந்தார். வயது 31 இருக்கலாம். கல்லறை எங்கே என்று தெரியாது.

இன்று பாஸ்டனின் காமன்வெல்த் நிழற்சாலையில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. 2003-இல் வைத்தார்கள். ஆலிஸ் வாக்கர், ஜூன் ஜார்டன் போன்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் அவரை மீண்டும் தங்கள் முன்னோராகச் சொந்தம் கொண்டாடினார்கள். நியூபோர்ட்டில் அடிமையாக இருந்த தோழி ஓபர் டேனருக்கு அவர் எழுதிய கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. 1998-இல் ஓர் ஏலத்தில், கடலைப் பற்றிய ஒரு கவிதை அவர் கையெழுத்திலேயே வெளிப்பட்டது.

அந்தக் கடல் கவிதை ஒரு பெரிய இழப்பின் ஓரத்திலிருந்து கிடைத்த துண்டு. 1779-இல் இரண்டாவது புத்தகத்துக்கு அவர் விளம்பரம் கொடுத்தார். 33 கவிதைகள், 13 கடிதங்கள், 300 பக்கம் அளவில், ஃபிராங்க்ளினுக்குச் சமர்ப்பணம். இந்தமுறை யாருடைய சான்றும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் கையொப்பம் சேரவில்லை. தலைப்புகளின் பட்டியல் மட்டும் விளம்பரத்தில் இருக்கிறது. கவிதைகளில் பெரும்பாலானவை இல்லை.

அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, 1785 பிப்ரவரியில் பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் ஜான் பீட்டர்ஸ் ஓர் அறிவிப்பு கொடுத்தார். காலஞ்சென்ற ஃபிலிஸ் பீட்டர்ஸின் கவிதைக் கையெழுத்துப் படியை இரவல் வாங்கிப்போனவர் உடனே திருப்பித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன், அவர் படைப்புகள் அனைத்தையும் வெளியிட எண்ணியிருக்கிறோம் என்று. சோம்பேறி என்று பெயர் வாங்கிய கணவர் கொடுத்த அறிவிப்பு அது.

இரவல் வாங்கியவர் இன்னும் திருப்பித் தரவில்லை.